ராணுவ வீட்டுக் கதவைத் தட்ட யாரை அனுப்புவது?

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் உயிரிழந்தார். அவருடைய வாழ்க்கைதான் படம். சண்டைக் காட்சிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கதையில் பாதி, தூரத்தில் ஒரு வீட்டில் போனுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தோட கதை.

இன்றைய எபிசோடு அந்த வீட்டைப் பற்றியது. இன்னும் சரியா சொன்னா, ராணுவத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு ஆளைப் பற்றியது. இந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. பெரும்பாலும் இன்னொரு ராணுவக்காரரின் மனைவி. புருஷன் எல்லையில் இருக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்குப் போன் பண்ணி, "எப்படி இருக்கீங்க, பணம் வந்துச்சா, பாப்பாவுக்கு ஸ்கூல் சேர்க்கை ஆச்சா?" என்று கேட்பவர். கேட்ட பதிலை சரியான ஆபீசரிடம் கொண்டு போய்ச் சேர்ப்பவர்.

கேட்க ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கு, இல்லையா? ஆனா கடந்த 140 வருஷமா ராணுவங்கள் திரும்பத் திரும்பத் தடுமாறின இடம் இது. தடுமாற்றம் எல்லாமே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. இந்த ஆளை யார் தேர்ந்தெடுப்பது? எதை வெச்சுத் தேர்ந்தெடுப்பது? லண்டன், மெட்ராஸ், டெல்லி, வாஷிங்டன்னு நாலு ஊர்ல நாலு விதமான பதில் கிடைச்சுது. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதல்ல, வீட்டுக்கு என்ன வேணும்?

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். 'ராணுவப்பேட்டை'ன்னே கூப்பிடுவாங்க. அநேகமா வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்தில் இருக்கிற ஊர். அந்த மாதிரி ஒரு ஊரில் ஒரு சிப்பாயின் மனைவியை மனசுல வெச்சுக்கோங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷம். மாமியார் வீட்டில் இருக்கிறார். கணவர் சிக்னல் கிடைக்காத ஒரு மலை உச்சியில்.

அவருக்கு நாலு விஷயம் வேண்டும். முதலாவது, செய்தி. அவர் நல்லா இருக்காரா, எப்போ லீவு? ரெண்டாவது, பணம். இந்த மாசம் ஏன் குறைச்சலா வந்துது? மூணாவது, காகிதம். ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கு. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும், வங்கிக் கணக்கு மாறினதும் அங்கே பதிவாகணும். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பின்னாடி பென்ஷன் நிற்கும். நாலாவதுதான் ரொம்பக் கஷ்டமானது. வீட்டுக்குள்ள நடக்கிற சண்டையை, பயத்தை, அவமானத்தை யாரிடமாவது சொல்லணும்.

முதல் மூணுக்கும் அலுவலகம் போதும். நாலாவதுக்கு ஒரு மனுஷி வேணும். எல்லா ராணுவங்களும் தன்னார்வலர்களைத் தேடிப் போனதுக்குக் காரணம் இந்த நாலாவது விஷயம்தான்.

லண்டன், 1885: அந்தஸ்தை வெச்சுத் தேர்வு

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு சிப்பாய் கல்யாணம் பண்ணிக்க கமாண்டிங் ஆபீசர் அனுமதி வேணும். அனுமதியும் கொஞ்சம் பேருக்குத்தான். அப்படி அனுமதியோடு கல்யாணம் பண்ணினவரின் மனைவி பேர் ராணுவப் பட்டியலில் ஏறும். அவருக்கு இருக்க இடம் உண்டு, உதவி உண்டு. அனுமதி இல்லாம கல்யாணம் பண்ணினா? ராணுவத்தைப் பொறுத்தவரை அந்த மனைவி இல்லவே இல்லை. படை கப்பல் ஏறின அன்றைக்கே அந்த வீட்டில் அடுப்பு அணைஞ்சுடும்.

1885-ல் எகிப்து, சூடான் பக்கம் படை போனது. அப்போ மேஜர் ஜேம்ஸ் கில்டியா என்பவர் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் குடும்பங்களைப் பார்த்துக்கப் பணம் வேணும், ஊர் ஊராப் போய் அவங்களைப் பார்க்க ஆட்களும் வேணும் என்பதுதான் வேண்டுகோள். அதிலிருந்து பிறந்தது சிப்பாய்கள், மாலுமிகளின் குடும்பங்களுக்கான ஒரு சங்கம். 'சாஃபா'ங்கிற பேரில் அது இன்றைக்கும் பிரிட்டனில் வேலை செய்கிறது.

ஆட்கள் கிடைத்தார்கள். யார்? பாதிரியாரின் மனைவி, நிலக்கிழாரின் மனைவி, ஆபீசரின் மனைவி. ஊர்ல அந்தஸ்து உள்ளவங்க, பகல்ல நேரம் உள்ளவங்க. அவங்க செய்த உதவி நிஜம். வாடகை கொடுத்தார்கள், நிலக்கரி வாங்கிக் கொடுத்தார்கள், கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

சிக்கல் 1914-ல் வந்தது. முதல் உலகப் போர் தொடங்கினதும் லட்சக்கணக்கில் ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். மனைவிகளுக்கு அரசாங்கம் பிரிவுப்படி கொடுக்க ஆரம்பித்தது. அதைச் சரிபார்க்க அரசாங்கத்திடம் ஆள் இல்லை. அதனால் இந்தத் தன்னார்வலர்களையே பயன்படுத்திக்கிட்டாங்க. கொஞ்ச நாளிலேயே, 1914 அக்டோபரில், உள்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'தகுதியில்லாத' மனைவிகளுக்குப் படியை நிறுத்தலாம் என்பது அதன் சாரம். குடிக்கிறாங்களா, வேற ஆணோட பழகறாங்களான்னு போலீஸ் கண்காணிக்கலாம்.

இப்ப அந்த மனைவியோட இடத்திலிருந்து பாருங்க. கதவைத் தட்டுறது ஆறுதல் சொல்ல வந்த அம்மாவா, வேவு பார்க்க வந்தவரா? ரெண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். நேற்று டீ குடிச்சுக்கிட்டே மனசு விட்டுச் சொன்ன விஷயம், நாளைக்கு ஒரு கோப்பில் ஏறலாம். ஏறினால் குழந்தைகளோட சாப்பாடு போச்சு.

இந்தக் கதையில் வில்லன்னு யாரும் இல்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலானவங்க நல்ல மனசோட வந்தவங்கதான். ஆனா அவங்களை நியமிச்ச முறையிலேயே ஒரு ஓட்டை இருந்தது. அவங்க யாருக்குப் பதில் சொல்லணும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. 1916 முதல் இந்தப் பொறுப்பு படிப்படியாகச் சட்டப்படி அமைந்த குழுக்களுக்கும், பிறகு பென்ஷன் அமைச்சகத்துக்கும் போனது.

மெட்ராஸ், 1942: ஆர்வத்தை வெச்சுத் தேர்வு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். போர் முடிந்ததும் 1919-ல் இந்திய சிப்பாய்கள் வாரியம் அமைக்கப்பட்டது. இன்றைக்கு டெல்லியில் இருக்கிற கேந்திரிய சைனிக் போர்டின் மூதாதை அதுதான். அதன் கீழே மாவட்ட அளவில் வாரியங்கள். நம்ம மாவட்டங்களில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இந்த வழியில் வந்தது. மனு கொடுக்கலாம், சான்றிதழ் வாங்கலாம். டிசம்பர் 7 கொடி நாள் வசூல் இந்த மாதிரி நலப் பணிகளுக்குத்தான் போகிறது. 1949-லிருந்து நடக்கிறது.

ஆக, காகிதத்துக்கு ஒரு அலுவலகம் கிடைத்துவிட்டது. ஆனா கதவைத் தட்டப் போக ஆள்?

1942 ஏப்ரல். ஜப்பான் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டுவிட்டது. அடுத்தது மெட்ராஸ்தான்னு பீதி. அவசியமில்லாதவங்க ஊரை விட்டுப் போகலாம்னு அரசாங்கமே சொல்லிவிட்டது. அப்போ தியாகராய நகர் உருவாகி இருபது வருஷம்கூட ஆகாத புது நகர். இன்றைக்கு உஸ்மான் ரோட்டில் நடக்க இடம் இல்லாத கூட்டத்தைப் பார்த்துப் பழகின நமக்குக் கற்பனை பண்ணவே கஷ்டம். மெட்ராஸில் தெருத் தெருவா வீடுகளுக்குப் பூட்டு.

ஜனங்கள் கிளம்பின ஊருக்குள் ராணுவம் வந்து சேர்ந்தது. பர்மா எல்லைக்குப் போக வேண்டிய படைகள் மெட்ராஸிலும் சுற்றுவட்டாரத்திலும் முகாம் போட்டன. வெள்ளைக்கார சிப்பாய்களுக்குப் பொழுதுபோக்கு, கேண்டீன், உபசரிப்பு எல்லாத்துக்கும் கமிட்டிகள் இருந்தன. இந்திய சிப்பாய்க்கு? எதுவும் கிடையாது.

இதைக் கவனித்து இறங்கினவர் மேரி கிளப்வாலா. 1909-ல் ஊட்டியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1935-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 25-தான். கையில் ஒரு சின்னப் பையன். துக்கத்திலேயே உட்கார்ந்திருக்காமல் மெட்ராஸின் 'கில்டு ஆஃப் சர்வீஸ்' என்ற சேவை அமைப்பில் முழுமூச்சாக இறங்கினார். 1942-ல் 'இந்தியன் ஹாஸ்பிடாலிட்டி கமிட்டி'யைத் தொடங்கினார்.

தன்னார்வலர்களைத் திரட்டினார். நடமாடும் கேண்டீன் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரியில் காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களைப் போய்ப் பார்த்தார்கள். அவங்க கையையும் மனசையும் வேறு பக்கம் திருப்ப கைவேலை மாதிரி விஷயங்களுக்கு ஏற்பாடு செய்தார்கள். போர் முடிந்த பிறகும் வேலை நிற்கவில்லை. ஊர் திரும்பின முன்னாள் வீரர்களின், அவர்கள் குடும்பங்களின் மறுவாழ்வுக்கு நிதி திரட்டினார்கள். பர்மாவில் ஜப்பானைத் தோற்கடித்த 14-வது ராணுவம், கைப்பற்றின ஒரு ஜப்பானிய வாளை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. ஜெனரல் கரியப்பா அவரை 'ராணுவத்தின் செல்லம்'னு குறிப்பிட்டார். இதே நலப் பணியில் இருந்த மேஜர் ஜாதவை அவர் பின்னாளில் மணந்தார். அதனால்தான் வரலாற்றில் மேரி கிளப்வாலா ஜாதவ்.

தேர்வு என்ற கோணத்தில் பார்த்தால் இந்தக் கமிட்டியிடம் ஒரு பெரிய பலம் இருந்தது. கேண்டீனில் டீ ஊற்றின பெண், அந்தச் சிப்பாயின் மேலதிகாரியோட மனைவி என்பதற்காக அங்கே நிற்கவில்லை. அவரிடம் சொன்னால் புரமோஷன் கெடும் என்ற பயம் இல்லை. ராணுவ வரிசைக்கு வெளியே நின்ற ஆள்.

பலவீனமும் உண்டு. ஆர்வம் மட்டும் போதுமா? குண்டடிபட்டவனிடம் என்ன பேசுவது, எதைக் கேட்கக் கூடாது, கேட்டதில் எதை வெளியே சொல்லக் கூடாது? இதெல்லாம் நல்ல மனசு இருந்தா தானா வந்துடாது. மேரி கிளப்வாலா 1952-ல் செய்த காரியத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். சமூகப் பணியை முறையாகச் சொல்லிக் கொடுக்க மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். இன்றைக்கும் எழும்பூரில் இருக்கிறது. உங்கள்ல சிலர் அங்கேயே படிச்சிருக்கலாம். போர்க்காலத்தில் தன்னார்வலர்களைத் திரட்டின அதே பெண், பத்தே வருஷத்தில், இந்த வேலைக்குப் பயிற்சி வேணும்னு ஒரு பள்ளியே தொடங்கினார்.

டெல்லி, 1966: கணவரின் பதவியை வெச்சுத் தேர்வு

சுதந்திர இந்தியா 1962-ல் சீனாவோடும் 1965-ல் பாகிஸ்தானோடும் போர் செய்தது. விதவைகள், ஊனமுற்ற வீரர்கள், தனியா நிற்கிற குடும்பங்கள் எண்ணிக்கை கூடியது. 1966-ல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. சுருக்கமா 'ஆவா'. நாட்டின் பெரிய தன்னார்வ அமைப்புகளில் ஒன்று. சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகள், தொழிற்பயிற்சி, போரில் கணவரை இழந்த பெண்களுக்கான உதவி என்று நிறைய வேலை செய்கிறது.

இதில் தலைவர் எப்படி வருகிறார்? ராணுவத் தலைமைத் தளபதியின் மனைவிதான் சங்கத்தின் தலைவர். அவருக்குக் கீழே ஒவ்வொரு கட்டளையகத்திலும் அந்தத் தளபதியின் மனைவி. இப்படியே இறங்கி வந்தால், ஒரு பட்டாலியனில் கமாண்டிங் ஆபீசரின் மனைவி. அவர்தான் யூனிட்டின் குடும்ப நலக் கூட்டத்தை நடத்துவார், சிப்பாய்களின் மனைவிகளைச் சந்திப்பார், பிரச்சினைகளைக் கேட்பார். நேர்காணல் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. கணவருக்குப் பதவி வந்த அன்றைக்கு மனைவிக்கும் பொறுப்பு வந்துவிடும்.

இதற்கு ஒரு நியாயம் இருக்கு. கமாண்டிங் ஆபீசரின் மனைவியிடம் காலையில் சொன்னால் விஷயம் சாயங்காலத்துக்குள் கமாண்டிங் ஆபீசரின் காதுக்குப் போகும். எந்தக் கோப்பும் இவ்வளவு வேகமாக நகராது. இருபது வருஷமாக ஊர் ஊராக மாறி, தானும் தனியாகக் குழந்தை வளர்த்த பெண் அவர். அனுபவத்திலிருந்து பேசுவார். யூனிட்டில் ஒரு உயிர் போனால், அந்த வீட்டுக்கு முதலில் போய் உட்காருகிறவர்களில் ஒருவர். வருஷக்கணக்கில் அந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பவர்களும் உண்டு.

ஆனா மறு பக்கமும் இருக்கு. கூட்டத்தில், "யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று மேடம் கேட்கிறார். நம்ம வேலூர்ப் பெண் என்ன சொல்வார்? "ஒண்ணும் இல்லைங்க மேடம்." புருஷன் குடிக்கிறார், அடிக்கிறார் என்று சொன்னால், அது அவருடைய பாஸ் வீட்டு டைனிங் டேபிளுக்குப் போகும். லீவு கிடைக்காமல் போகலாம், புரமோஷன் கெடலாம். மேடம் தங்கமானவராக இருந்தாலும் இந்தப் பயம் போகாது. அது மேடத்தோட குணத்தைப் பற்றிய பயம் இல்லை, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பற்றியது.

மேடத்தின் பக்கமும் பாருங்க. அவர் டாக்டராக இருக்கலாம், ஐ.டி.யில் வேலை பார்க்கலாம். வேறு ஊரில் இருக்கலாம். இந்தப் பொறுப்பில் விருப்பமே இல்லாமல்கூட இருக்கலாம். 'நீங்க தயாரா?'ன்னு அவரை யாரும் கேட்கவில்லை. தன்னார்வலர் என்ற சொல்லில் 'தன்' என்று ஒரு பகுதி இருக்கு. அது இங்கே காணாமப் போயிடுது.

வாஷிங்டன், 1970: கடிதம் கொடுத்து நியமனம்

இதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் இதே சிக்கலில் மாட்டியிருந்தது. வியட்நாம் போர் நடக்கிறது. கப்பல்கள் மாசக்கணக்கில் கடலில். குடும்பங்களுக்குள் கேப்டனின் மனைவிதான் அதிகாரமில்லாத அதிகாரி. ஆட்கள் படையை விட்டு விலகிக்கொண்டே இருந்தார்கள்.

1970 ஜூலையில் அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் கடற்படைத் தலைவரானார். எல்லாக் கப்பல்களுக்கும் நேரடியாகச் செய்தி அனுப்புகிற பழக்கம் அவருக்கு. அந்தச் செய்திகளுக்கு 'இஸட்-கிராம்' என்று பேர். 1970 செப்டம்பர் 14 அன்று வந்த 24-வது இஸட்-கிராம், மனைவிகளுக்காக ஒரு 'ஆம்பட்ஸ்மன்' வேண்டும் என்றது. ஆம்பட்ஸ்மன் என்பது ஸ்வீடன் நாட்டுச் சொல். 1809-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அவங்க உண்டாக்கின பதவி. குடிமக்களின் குறையை அரசாங்கத்திடம் எடுத்துப் போகிறவர். அந்தச் சொல்லை எடுத்ததிலேயே ஜும்வால்டின் எண்ணம் தெரிகிறது. மேலிருந்து கீழே அறிவுரை சொல்ல ஒருவர் வேண்டாம், கீழிருந்து மேலே குறையைக் கொண்டுவர ஒருவர் வேண்டும்.

வருஷங்கள் போகப் போக இதற்கு ஒரு தெளிவான நடைமுறை உருவானது. படைப்பிரிவில் பணியாற்றுபவரின் மனைவியோ கணவரோ விண்ணப்பிக்கலாம். பதவி தடை இல்லை. மாலுமியின் மனைவியும் வரலாம். கமாண்டிங் ஆபீசர் நேர்காணல் செய்து தேர்ந்தெடுக்கிறார். எழுத்துப்பூர்வமாக நியமனக் கடிதம் கொடுக்கிறார். அடிப்படைப் பயிற்சி கட்டாயம். சம்பளம் கிடையாது, கைக்காசு செலவழித்தால் திரும்பக் கிடைக்கும். ரகசியம் காக்க வேண்டும். ரகசியம் உடைக்க வேண்டிய சில சூழ்நிலைகள் உண்டு, உதாரணத்துக்குக் குழந்தைக்குக் கொடுமை நடந்தால். அதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, கமாண்டிங் ஆபீசர் மாறும்போது ஆம்பட்ஸ்மன் தன் ராஜினாமாக் கடிதத்தைப் புதியவரிடம் கொடுக்கணும். புதியவர் வேண்டும் என்றால் திரும்ப நியமிப்பார். யாரும் பரம்பரை பாத்தியதையாக உட்கார்ந்திருக்க முடியாது. களைத்துப்போன தன்னார்வலருக்கும் அது கௌரவமா விலகிக்கொள்ள ஒரு வாசல்.

ரெண்டு, மரணச் செய்தி சொல்வது இவர் வேலை இல்லை. அதற்கு யூனிஃபார்ம் போட்ட, அதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரி போவார். ஏன் இப்படி? எந்தக் கதவுக்கு இவர் போனாலும் உள்ளே இருப்பவர் நடுங்கக் கூடாது. சும்மா நலம் விசாரிக்க வந்தால், சும்மா நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பணும்.

அமெரிக்க முறையில் குறையே இல்லையா? இருக்கு. நியமிக்கிறவர் கமாண்டிங் ஆபீசர்தானே. அவரைப் பற்றியே குறை என்றால்? அந்த இடத்தில் அவங்க முறையும் தடுமாறும். ஆனாலும் லண்டனில் யாரும் எழுதி வைக்காததை இங்கே எழுதி வைத்தார்கள். யாருக்குப் பதில் சொல்லணும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எப்போ விலகணும்.

தந்தி வந்த பிறகு

திரும்ப இந்தியாவுக்கு. 1971 போர் காலத்தில் சாவுச் செய்தி வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் தந்தியில். உடல் பெரும்பாலும் வராது; போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே கடைசிக் காரியம் முடிந்துவிடும். விழுந்தவர்களின் உடல்களைப் பெரிய அளவில் சொந்த ஊருக்கே கொண்டுவந்தது 1999 கார்கில் போரில்தான். அதுவரைக்கும் பல கிராமத்துப் பெண்களுக்கு ஒரு தாள்தான் சாட்சி.

1972-ல் மோகினி கிரி டெல்லியில் போர் விதவைகள் சங்கத்தைத் தொடங்கினார். அப்போதைய குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் மருமகள். நம்ம மெட்ராஸோடு நெருங்கின குடும்பம், வி.வி. கிரி 1980-ல் இங்கேதான் காலமானார். குடியரசுத் தலைவர் மாளிகையின் மருமகள் என்ற அந்தஸ்து மோகினி கிரிக்குக் கதவுகளைத் திறந்துவிட்டது. ஆனா அவர் அமைத்தது ராணுவ வரிசைக்கு வெளியே நின்ற ஒரு சங்கம். பின்னாளில் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

வெளியே நிற்கிற ஆள் ஏன் தேவை? ஒரு விதியைச் சொன்னால் புரியும். வீரப்பதக்கம் பெற்ற வீரருக்கு மாதாமாதம் ஒரு படி உண்டு. அவர் இறந்தால் மனைவிக்கு வரும். அந்த மனைவி மறுமணம் செய்தால் படி நின்றுவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு: இறந்த கணவரின் சகோதரனை மணந்தால் தொடரும். இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கியது எப்போ தெரியுமா? 2017 நவம்பரில்.

25 வயதில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு இந்த விதி என்ன செய்திருக்கும்? பணம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மாமனார் வீட்டில் ஒரு கணக்கு இருக்கும். கொழுந்தனுக்கும் விருப்பம் இருக்கணும்னு இல்லை. பெற்றவர்களுக்கும் தங்கள் பிள்ளையை இழந்த துக்கம், வயசான காலத்துப் பயம். யார் பக்கமும் ஒரு வலி இருக்கு. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்க ஒரு ஆள் வேணும். ரெஜிமெண்டின் பெயர் கெடுமே என்று கவலைப்படாத ஆள். மாமனாரின் முகத்துக்காகப் பேச்சை மாற்றாத ஆள். விதி என்ன சொல்கிறது என்று தெரிந்த ஆள். மூணும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். அதனால்தான் அப்படிப்பட்டவரைத் தேடித் தேர்ந்தெடுக்கணும். தானாக வந்து வாய்க்கட்டும் என்று விட்டால் வாய்க்காது.

மேடம் யூனிஃபார்மில் வந்தால்?

டெல்லி முறை இப்போது தானாகவே ஒரு முட்டுச்சந்துக்கு வந்திருக்கு. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்புகளும் மறுக்கப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2023-ல் நூறுக்கும் மேற்பட்ட பெண் அதிகாரிகள் கர்னல் பதவிக்குத் தேர்வானார்கள். யூனிட்டுகளுக்குத் தலைமை ஏற்றார்கள்.

இப்ப சொல்லுங்க. கமாண்டிங் ஆபீசர் ஒரு பெண். கணவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. குடும்ப நலக் கூட்டத்தை யார் நடத்துவார்? கணவரா? நடத்தலாம், தப்பே இல்லை. ஆனா சிப்பாயின் மனைவி அவரிடம் போய் பிரசவக் கஷ்டத்தைச் சொல்வாரா? கமாண்டிங் ஆபீசரே நடத்துவாரா? அப்போ பாஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு அடி இடைவெளியும் போயிடும். அடுத்த நிலை அதிகாரியின் மனைவியா? அவரை எதை வெச்சுத் தேர்ந்தெடுத்தோம்?

இது ஒரு சங்கடம் மாதிரித் தெரியலாம். எனக்கு இது ஒரு வாய்ப்பாகத்தான் படுகிறது. பதவி தானாகப் பொறுப்பைக் கொடுக்காத இடத்தில் யாராவது உட்கார்ந்து, "இந்த வேலைக்கு யார் சரி?" என்று யோசிச்சே ஆகணும்.

நாலு ஊர்க் கதையையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கு. லண்டன் சொல்லித் தருவது: உதவுகிற கையும் வேவு பார்க்கிற கண்ணும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. மெட்ராஸ் சொல்லித் தருவது: வரிசைக்கு வெளியே இருந்து ஆர்வத்தோடு வருகிறவரை நம்பலாம், ஆனா பயிற்சி கொடுத்து அனுப்பு. டெல்லி சொல்லித் தருவது: முடிவெடுக்கிறவரின் காதுக்கு நேர் வழி இருந்தால்தான் விஷயம் நடக்கும், அந்த வழியை மூடிடாதே. வாஷிங்டன் சொல்லித் தருவது: கேட்டுத் தேர்ந்தெடு, எழுதிக் கொடு, விலக வாசல் வை.

சிப்பாயின் மனைவி ஒருத்தர், சுபேதாரின் மனைவி ஒருத்தர், தமிழோ தெலுங்கோ மராத்தியோ அந்த யூனிட்டின் பெண்கள் பேசுகிற மொழி தெரிந்தவர். விருப்பப்பட்டு வந்தவர், பயிற்சி பெற்றவர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு நியமனக் கடிதம். ஆகிற செலவு? பஸ் கட்டணமும் போன் ரீசார்ஜும்தான். அதுக்குப் பதிலா கிடைப்பது, அந்த வேலூர்ப் பெண் "ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்பதற்குப் பதிலாக, "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிக்கிற ஒரு போன் கால்.

மேரி கிளப்வாலா ஜாதவ் 1975-ல் காலமானார். அதே வருஷம் பத்ம விபூஷண் பெற்றவர். 1919-ல் தொடங்கிய சிப்பாய்கள் வாரியம் கேந்திரிய சைனிக் போர்டு என்று பெயர் மாறினதும் அதே 1975-ல்தான். அலுவலகங்களின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். கதவைத் தட்டுகிற ஆள் யார் என்பதுதான் வீட்டுக்குள்ளே இருப்பவங்களுக்குக் கணக்கு.

உங்க அபார்ட்மெண்டிலேயோ தெருவிலேயோ ஒரு ராணுவக் குடும்பம் இருந்தால், இந்த எபிசோடை அவங்களோட கேளுங்க. அவங்க யூனிட்டில் யார் போன் பண்ணுவாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு கேட்டுப் பாருங்க. எங்களுக்கும் எழுதுங்க, பெயர் போடாமல் படிக்கிறோம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.